கடைவாய்ப் பல்லும் பதிமூன்றாவது வாரமும்

பெண் பார்க்கப் போகிற இடத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். பஜ்ஜி வரும்போது வாயையும் அளவாகத் திறக்கலாம். காதை மட்டும் திறக்கவே கூடாது. இந்த உண்மையை எனக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால், ஒரு கோடைகாலம் முழுக்க பயந்து பயந்து மந்தைவெளி பஸ் ஏறியிருக்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தி. நகரில் ஒரு கம்பெனியில் நான் குமாஸ்தா. அது ஊருக்கு. மனசுக்குள் நான் பெரிய வசனகர்த்தா. காரணம், ‘பேனா பஞ்சாபகேசன்’ என்று ஒரு நகைச்சுவைத் தொடருக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பதிமூன்று வாரம், செவ்வாய்தோறும் சாயங்காலம். இன்றைக்கு அது யாருக்கும் ஞாபகமில்லை. (ஞாபகம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் எனக்குக் கெடுதல் நினைப்பவர்கள்.) எந்தக் கதை எழுதி அனுப்பினாலும் திரும்பி வந்துவிடுகிற ஓர் எழுத்தாளர்தான் கதாநாயகன். சிக்கல் என்னவென்றால், அப்படிப்பட்ட மனிதரை நான் கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறைக்குப் பக்கத்துக் கொட்டகையில்தான் எங்கள் படப்பிடிப்பு. பட்டறைக்காரர் இரும்பைக் கடையும்போது நாங்கள் நிறுத்துவோம். அவர் டீ குடிக்கப் போனால் நாங்கள் எடுப்போம். டைரக்டர் தினமும் என்னைப் பிடித்துக்கொள்வார்.

“இன்னா சார், எழுத்தாளன்னா சொம்மா குந்திக்கினு தாடிய சொறிஞ்சுக்கினே இருப்பானா? யார் சார் பாக்கறது? எதுனா மேட்டர் குடு சார்!”

இந்த நிலைமையில்தான் அம்மா என்னை மந்தைவெளிக்குப் பெண் பார்க்க இழுத்துக்கொண்டு போனாள். பெண் பெயர் வத்சலா. வந்தாள், நமஸ்காரம் பண்ணினாள், உட்கார்ந்தாள். எனக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆனால் சரியாகப் பார்க்க முடியவில்லை. நடுவில் அவள் அப்பா சேஷாத்ரி மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பேங்க் உத்தியோகஸ்தர். பையன் டிவிக்கு எழுதுகிறான் என்று அம்மா பெருமையாகச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது பாருங்கள்!

“அப்படின்னா நாம ரெண்டு பேரும் ஒரே தொழில்னு சொல்லுங்கோ!”

மாமா ‘மகரந்தன்’ என்ற புனைபெயரில் பல வருஷமாகச் சிறுகதை எழுதுகிறவர். ஒன்றுகூடப் பிரசுரமானதில்லை. அச்சில் வந்த ஒரே எழுத்து, கொசுத்தொல்லை பற்றி ஆசிரியருக்கு எழுதிய கடிதம். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். அன்றைக்கு எனக்கு ‘கடைவாய்ப் பல்’ என்ற கதையை முழுதாகச் சொன்னார். ஒரு பல் டாக்டரிடம் அவருடைய பழைய காதலியே பல் பிடுங்க வருகிறாள். வாயைத் திறந்தபடியே அவளால் பேச முடியவில்லை. அவராலும் பேச முடியவில்லை. இதைச் சொல்லும்போது மாமாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எனக்கும் அடைத்துக்கொண்டது. (பஜ்ஜி.)

வத்சலாவின் அம்மா கோமளம் மாமி தன் பங்குக்குச் சொன்னாள். “இவர் எழுத உக்காந்துட்டா ஆத்துல மிக்ஸி போடப்படாது. கற்பனை கலைஞ்சுடுமாம். எங்காத்துல சட்னி இருந்தா, அன்னிக்கு அவருக்குக் கற்பனை வரலைன்னு அர்த்தம்.”

திரும்பி வரும் கனத்த கவர்களை எதிர்வீட்டார் பார்த்துவிடக் கூடாது என்று, தபால்காரர் கன்னியப்பன் அவற்றைப் பக்கவாட்டுச் சுவர் மேலாகத்தான் கொடுப்பாராம். “அப்பா, போறும்!” என்று வத்சலா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அன்று அவள் பேசியது அவ்வளவுதான். அந்தக் குரலும் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்த ஜோசியர் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார். அம்மா அந்தப் பேச்சையே மூடிவிட்டாள். நான் கொஞ்ச நாள் சோறு இறங்காமல் திரிந்தேன். பிறகு ஒரு ஞானோதயம். பெண் போனால் என்ன, பெண்ணின் அப்பா கையில் இருக்கிறாரே! மிக்ஸி, சுவர், கொசுக் கடிதம், கடைவாய்ப் பல் என்று ஒன்று விடாமல் பஞ்சாபகேசன் தலையில் ஏற்றினேன். இனி அந்தக் குடும்பத்தின் முகத்தில் விழிக்கப் போவதே இல்லை என்ற தைரியம்.

டைரக்டர் என்னைக் கட்டிக்கொண்டார். “சூப்பரா கீது சார்! எங்க புட்ச்சே இந்த ஆள?”

பட்டறைக்காரர் டீ குடித்த நேரங்களில் பல வாரத்துக்கான படப்பிடிப்பு மளமளவென்று முடிந்தது. ஒளிபரப்புத் தேதியும் வந்துவிட்டது. அப்போதுதான் அம்மா கபாலி கோயிலுக்குப் போனாள். அங்கே கோமளம் மாமியைப் பார்த்தாள். இரண்டு பேருமாகக் குளத்தங்கரையில் வேறொரு ஜோசியரிடம் போனார்கள். முதல் ஜோசியர் பார்த்தது வாக்கியப் பஞ்சாங்கமாம். இவருடையது திருக்கணிதமாம். பஞ்சாங்கம் மாறியதும் கிரகங்களும் மனசு மாறிவிட்டன.

“டேய் ரகு, பொருத்தம் பேஷா இருக்குடா!” என்று அம்மா வாசலிலிருந்தே கூவிக்கொண்டு வந்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜாதகம் பொருந்தியதற்காகக் கைகால் உதறிய மாப்பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்த இடி மாமியிடமிருந்து வந்தது. “செவ்வாய்க்கிழமை எல்லாரும் எங்காத்துக்கு வந்துடுங்கோ. மாப்பிள்ளை எழுதினதை மாப்பிள்ளையோட உக்காந்துண்டு பாக்கணும். நிச்சயதார்த்தத் தேதியையும் அன்னிக்கே பேசிடலாம்.”

டைரக்டரிடம் ஓடினேன். “டேப்பு டிவி ஸ்டேசனுக்குப் போய் சேந்துடுச்சு நைனா. இனிமே அந்த ஆண்டவனே வந்தாலும் நிறுத்த முடியாது,” என்றார்.

மந்தைவெளி வீட்டுக் கூடத்தில் உறவுக் கூட்டம் நிரம்பியிருந்தது. வாரம் தவறாமல் மின்சாரம் போகிற தெரு அது. அன்று பார்த்து விளக்கு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஆன்டெனாவைச் சரி செய்கிறேன் என்று மொட்டைமாடிக்குப் பாய்ந்தேன். ஒரு திருகு திருகினேன். கீழேயிருந்து வத்சலாவின் சித்தப்பா கத்தினார்: “அடேயப்பா, இவ்வளவு துல்லியமா என்னிக்குமே தெரிஞ்சதில்லை! மாப்பிள்ளை கைராசி! அப்படியே விட்டுட்டு வாங்கோ!”

இறங்கி வந்தேன். என்னைப் பிடித்து மாமாவுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள்.

ஆரம்பத்தில் எல்லாரும் சிரித்தார்கள். பஞ்சாபகேசன் தன் மனைவியைப் பார்த்து “மிக்ஸியை நிறுத்து!” என்று அலறியதும் சிரிப்பு பாதியில் நின்றது. மாமி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கன்னியப்பன் மாதிரியே ஒருவர் சுவர் மேலாகக் கவரை நீட்டினார். வத்சலா திரும்பினாள். அந்தப் பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வியர்க்கும். சட்டம் போட்ட கொசுக் கடிதம் வந்தபோது கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் சுவரில் இருந்த சட்டத்தை ஒரு தரம், திரையை ஒரு தரம் பார்த்தன. என் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “என்னடா பண்ணித் தொலைச்சே?” என்றாள். மாமா மட்டும் அசையவில்லை. முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முடிந்ததும் எழுந்தார். “மாப்பிள்ளை, கொஞ்சம் உள்ளே வாங்கோ.”

கதவைச் சாத்தினார். ஓடலாமென்றால் ஜன்னலில் கம்பி.

“மொத்தம் எத்தனை வாரம்?”

“பதிமூணு, மாமா.”

“எல்லாம் எழுதியாச்சா?”

“கடைசி வாரம் மட்டும் பாக்கி.”

அவர் ஜன்னல் வழியாக அந்தப் பக்கவாட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

“பதிமூணு வாரத்துல ஒண்ணுகூடவா அவனுக்குப் பிரசுரமாகாது?”

என் பயமெல்லாம் ஒரு நொடி எங்கேயோ போய்விட்டது. வெட்கமாக இருந்தது. ஊரையே சிரிக்க வைக்கலாம் என்று எழுதியவனுக்கு, அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

“ஆகும் மாமா,” என்றேன்.

“ஆகட்டும். பாத்துட்டு, நிச்சயதார்த்தம் பத்திப் பேசிக்கலாம்,” என்று கதவைத் திறந்துவிட்டார். போன பயம் உடனே திரும்பி வந்தது.

டைரக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. “கதை வந்துட்டா அப்பால காமெடி ஏது? உன் கல்யாணத்துக்கு நான் சீரியல் எடுக்கணுமா?” என்றார். காலில் விழாத குறை. (குறையே இல்லை, விழுந்தேன்.) எப்படியோ எடுத்தும் கொடுத்தார்.

இடைப்பட்ட ஒவ்வொரு செவ்வாயும் நான் மந்தைவெளிக்கு ஆஜராக வேண்டும் என்று உத்தரவு. மாமா ஒரு வாரமும் சிரிக்கவில்லை. மாமி மட்டும் துணிச்சலாகத் தினமும் மிக்ஸி போட ஆரம்பித்துவிட்டாள் என்று கேள்வி. அந்தப் பழியும் என் கணக்கில்தான் ஏறியது.

பதிமூன்றாவது செவ்வாய் வந்தது. மாமா புது வேட்டி கட்டிக்கொண்டார். தெரு முழுக்கச் சொல்லி அழைத்திருந்தார். கன்னியப்பன் காக்கிச் சட்டையோடு முன்வரிசையில், கையில் மைசூர்பாகுடன். நான் கபாலிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்திருந்தேன். டிவியைப் போட்டார்கள்.

திரையில் மாலை போட்ட ஒரு படம். பின்னணியில் வீணை.

வடக்கே யாரோ ஒரு தலைவர் காலமாகிவிட்டார். கூடத்தில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியவில்லை. எல்லா நிகழ்ச்சிகளும் ரத்து. வீணை அழுதுகொண்டே இருந்தது. நானும் அழுதிருப்பேன், இடம்தான் இல்லை. கல்யாணம் போச்சு, வத்சலா போனாள் என்று என் காதுக்குள் ஒலித்தது.

கன்னியப்பன்தான் முதலில் வாய் திறந்தார். “இத்தினி நாளா உன் கதைய நான் ஒருத்தன்தான் திருப்பிக் கொணாந்து குட்த்துக்கினு இருந்தேன். இப்ப டிவியும் சேந்துக்கிச்சா சார்?”

யாரும் சிரிக்கவில்லை. மாமா என் பக்கம் திரும்பினார். “நிஜமாவே எழுதினேளா?”

“சத்தியமா மாமா. எடுத்தும் ஆச்சு.”

“என்ன வரும்? நடிச்சுக் காட்டுங்கோ.”

நான் வாழ்க்கையில் மேடை ஏறியதில்லை. பள்ளிக்கூட நாடகத்தில்கூடத் திரை இழுக்கத்தான் விட்டார்கள். எழுந்து நின்றேன். பஞ்சாபகேசனும் நானே, அவன் மனைவியும் நானே. மனைவிக்குக் குரல் மாற்றியபோது என் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தபால்காரராகவும் நானே வரப் பார்த்தேன். “நவுரு சார், அது என் வேலை,” என்று கன்னியப்பன் எழுந்து வந்துவிட்டார். சுவர் மேலாக இல்லாமல், வாசல் வழியாகவே நடந்து வந்து, மைசூர்பாகுப் பொட்டலக் காகிதத்தை என் கையில் கொடுத்தார். துக்க வீணைதான் பின்னணி இசை.

காகிதத்தைப் பிரித்துப் படித்தேன். “தங்கள் ‘கடைவாய்ப் பல்’ பிரசுரத்துக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது.”

உடனே மனைவி குரலில், “ஏன்னா, இனிமே சட்னி அரைக்கலாமா?” என்றேன். பஞ்சாபகேசனாக மாறி, “அரை. நன்னா அரை,” என்றேன். தொடர் அங்கேதான் முடிகிறது.

மாமி சிரித்தாள்; சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மாமா கண்ணாடியைக் கழற்றி, புது வேட்டி நுனியால் ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு என் அப்பாவிடம், “நிச்சயதார்த்தத்துக்கு நாள் பாத்துடலாமா?” என்றார்.

அம்மா பதறிப் போய், “எந்தப் பஞ்சாங்கம்?” என்றாள்.

“எது சீக்கிரம் வரதோ, அது,” என்றது வத்சலாவின் குரல். அவள் அப்பா நடுவில் இல்லாமல் நான் அவளை முழுசாகப் பார்த்தது அப்போதுதான்.

அந்தப் பதிமூன்றாவது வாரம் கடைசிவரை ஒளிபரப்பாகவே இல்லை. தொடருக்கு விளம்பரம் கொடுத்தவர்கள் விலகிவிட்டார்கள்; டேப் எங்கே போயிற்றோ தெரியாது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் நடக்க இருந்த நல்ல காரியம் எதுவானாலும் கடைசி நிமிஷத்தில் நின்றுபோனால், “வீணை போட்டுட்டான்” என்றுதான் சொல்வோம். மாமாவுக்கு இப்போது காது மந்தம். யார் வந்தாலும், “என் கதை பிரசுரமாச்சு. ஒளிபரப்புதான் ஆகலை,” என்கிறார்.

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்புவார். “மாப்பிள்ளை, ஒரு தரம் நடிச்சுக் காட்டுங்கோ.” ஒவ்வொரு தலை தீபாவளிக்கும், சீமந்தத்துக்கும், புது மாப்பிள்ளைகள் முன்னால் நான் எழுந்து நின்று, குரல் மாற்றி, சட்னி அரைக்க அனுமதி கேட்கிறேன். வீணை மட்டும் இப்போது டிவியில் வருவதில்லை. என் பெண் வாயாலேயே வாசித்துவிடுகிறாள்.