அட்டையின் நீளமும் அதன் உறவினர்களும்

மழைக்காலத்தின் நடுவில், ஒரு புதன்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, அட்டைகளின் வம்சாவளியை உடல் அளவுகளால் நிர்ணயிக்கும் துறையில், கடைசி அட்டை முறைப்படி அளக்கப்பட்டது. அளந்தவள் ஏழாண்டுகளாகத் தற்காலிக ஆய்வாளர். அன்று மாலைக்குள் வம்சாவளிப் படம் கையெழுத்தானால், காலியாக இருந்த ஒரே நிரந்தரப் பணியிடம் அவளுக்கு என்று வாய்மொழி உறுதி இருந்தது.

"எவ்வளவும்மா?" என்றார் கண்காணிப்பாளர்.

"நீண்டா ஆறு சென்டிமீட்டர் சார். சுருங்கினா ரெண்டு."

"அப்போ ரெண்டு இனம்னு எழுது."

"சார், இருக்கிறது ஒரே அட்டைதான்."

"நம்ம துறை அட்டையை வச்சா முடிவு பண்ணுது? அளவை வச்சும்மா!"

விதியேடும் அவ்வாறே கூறியது. நீண்டது பெரியப்பா கிளையிலும், சுருங்கியது ஒன்றுவிட்ட தம்பி கிளையிலும் ஏற்றப்பட்டன.

"ரெண்டும் எப்போ பிரிஞ்சது?"

"பதினொண்ணேகாலுக்கு சார்."

"பத்து லட்சம் வருஷம்னு போடும்மா. மணிக்கணக்குல போட்டா மேலிடத்துல மதிப்பு இருக்காது."

பருமன் என்ற மூன்றாவது அளவுக்காக அட்டை நெளியாதிருக்க, அவர் தமது விரலை அதன்மேல் வைத்து அழுத்தினார்.

"சார், கடிக்குது."

"கடிக்கட்டும். எவ்வளவு அடக்கமா இருக்கு பாரு!"

அரைமணியில் அட்டை கட்டைவிரல் பருமனுக்கு உப்பியது. அந்தப் பருமனுக்குப் படத்தில் சொந்தமே இல்லை. ஒத்த விகிதமுள்ள வேறெந்த உயிருடனாவது சேர்க்கலாம் என்றது விதி. அலுவலகத்தில் கிடைத்த வேறு உடலளவு, கண்காணிப்பாளரின் புதுக் கோட்டுக்குத் தையற்காரர் எழுதிய சீட்டு ஒன்றே. ஆய்வாளர் கணக்கிட்டாள்; விகிதம் இரண்டு தசம இடம் வரை ஒத்துப்போயிற்று.

"யாரும்மா சொந்தம்?"

அவள் தையற்சீட்டை அவர் பக்கம் திருப்பினாள். "நீங்கதான் சார்."

அவர் படத்தைத் தம் பக்கம் இழுத்தார். "எந்தக் கிளைல போட்டிருக்க?"

"உச்சிக் கிளைல சார்."

உடனே கையெழுத்திட்டார்.

மறுநாள் நிரந்தரப் பணி ஆணை வந்தது, அட்டையின் பெயருக்கு.

"சார், எனக்குன்னு சொன்னீங்களே?"

"நான் என்ன பண்ணட்டும்மா? அதிகாரியோட நெருங்கின உறவினருக்கு முன்னுரிமைன்னு சட்டம் இருக்கு. உறவுன்னு நிரூபிச்சது நீதானே! அதுவும் ரெண்டு தசமம் வரைக்கும்."

அட்டையின் முதற்சம்பளத்தை, காப்பாளர் என்ற முறையில், கண்காணிப்பாளர் அம்மாதக் கடைசி நாளில் பெற்றுக்கொண்டார். அதன் சாப்பாட்டுச் செலவை ஊழியர் அனைவரும் முறைவைத்து ஏற்றனர். ஆய்வாளர் தன் பங்கை வெள்ளிக்கிழமைதோறும், மதிய இடைவேளைக்கு முன், இடது முன்கையிலிருந்து செலுத்திவருகிறாள்.