மருமகள் சொன்ன டென்டேட்டிவ் யெஸ்

பூ மார்க்கெட்,
சங்கரன்கோவில்.
வியாழக்கிழமை, வெயில் ஏறுமுன்.

புனே மாநகரில் ஏசி அறைக்குள் வீற்றிருந்து, ஒற்றை விரலால் உலகத்துக் கம்ப்யூட்டர்களை எல்லாம் ஆட்டிவைக்கும் என் அருமை மருமகள் பொன்செல்விக்கு, உன் தாய்மாமனும் பிச்சி, மல்லி, கேந்தி ஆகிய முப்பூக்களின் காவலனுமாகிய வேல்சாமி எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம். உன் சுகத்தை ஸ்டேட்டஸ் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். சீஸ் போட்ட தோசையை மட்டும் இனி ஸ்டேட்டஸில் வைக்காதே, உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒரு நேரம் சாப்பிடாமல் கிடந்தாள்.

நிற்க. இந்தக் கடிதத்தில் வரப்போகும் கதையை நீ நம்பமாட்டாய், உன் அறைத்தோழி நம்பமாட்டாள், படித்துச் சொன்னால் புனேயின் நாய் பூனைகூட நம்பாது என்று கையிலுள்ள மல்லிகைப் பந்தின் மீது சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

சிவகிரிக்காரர்கள் உன்னைப் பெண் கேட்டதும், உன் சம்மதத்தைக் கேட்டுச் சொல்லும் பொறுப்பு நம் வழக்கப்படி தாய்மாமன் தலையில் விழுந்ததும் நீ அறிந்ததே. நான் கேட்டேன். நீயும் பதில் அனுப்பினாய். "மாமா, அப்பாட்ட சொல்லிருங்க. இப்போதைக்கு என்னோடது டென்டேட்டிவ் யெஸ்" என்று எழுதிவிட்டு, ஏதோ மீட்டிங் என்று ஃபோனையும் அணைத்துவிட்டாய். யெஸ் எனக்குத் தெரியும். யெஸ்ஸோடு நான் சின்ன வயதிலிருந்து பழகியவன். ஆனால் அதற்கு முன்னால் மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறதே ஒரு சொல், அது யார்? யெஸ்ஸைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறதா, அல்லது பின்னாலிருந்து அதன் வேட்டியை உருவுகிறதா? இது தெரியாமல் உன் அப்பாவிடம் போய் என்ன சொல்ல? இசக்கித்துரை அத்தான் எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும். அவர் ஹார்ட்வேர் கடையில் ஒரு தடவை இருமினால் பேரம் பேசுகிறவன் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, இருமலுக்கும் தனியாகக் கொடுத்துவிட்டுப் போவான்.

ஃபோனில் பார்த்திருக்கலாமே என்பாய். பார்த்தேன். அது அந்தச் சொல்லுக்கு அர்த்தமாக இன்னொரு இங்கிலீஷ் சொல்லைக் கொடுத்தது. அதைத் தட்டினால் வேறொன்று. அதையும் தட்டினால் மற்றொன்று. கரிவலம்வந்தநல்லூர், திருவேங்கடம் என்று ஊர் ஊராகச் சுற்றிய டவுன் பஸ் மாதிரி, கடைசியில் ஏறிய இடத்திலேயே என்னை இறக்கிவிட்டது. டென்டேட்டிவ் என்றால் டென்டேட்டிவ்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் இந்த மார்க்கெட்டில் பேங்க் நோட்டீஸ், மருந்துச் சீட்டு, ஆண்டவனுக்கே விளங்காத கரண்ட் பில் எல்லாவற்றையும் படித்துச் சொல்கிறவன் நான். நானே போய் அர்த்தம் கேட்டால் நாளைக்கு எவன் என்னிடம் சீட்டை நீட்டுவான்? ஆகவே வேறு வழி பிடித்தேன். சொல்லை ஆற்றில் தூண்டில் போடுவதுபோல் பேச்சில் போட்டுவிட்டு, எதிராளி முகத்தைப் பார்ப்பது. முதலில் அடுத்த கடை செல்ஃபோன் ரிப்பேர் சைஃபுல்லாவிடம் போட்டேன். "உடம்பு கொஞ்சம் டென்டேட்டிவா இருக்கு" என்றேன். அவன் தலையைத் தூக்காமல், "எனக்கும் நேத்துலேர்ந்து அப்படித்தான் இருக்கு அண்ணாச்சி, மாத்திரை போட்டியளா?" என்றான். ஆகா, காய்ச்சல் போல என்று நினைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய் டீ டென்டேட்டிவாக இருப்பதாகச் சொன்னேன். கடைக்காரன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் சீனி போட்டான். அடுத்து, பூ வாங்க வந்த ஹஸ்னா பானு டீச்சர். இங்கிலீஷ் நடத்துகிறவர். "இந்தப் பூ விலை இருக்கே டீச்சர், ரொம்ப டென்டேட்டிவ்" என்றேன். அவர் சிரித்தார். "பூவுல என்ன இருக்கு அண்ணாச்சி, எல்லாமே அப்படித்தானே" என்று சொல்லிவிட்டு இரண்டு முழம் பிச்சியோடு நடையைக் கட்டினார். என் மண்டைக்குள் இருந்த குழப்பம் அன்றைக்குத்தான் குட்டி போட ஆரம்பித்தது.

நம் ஊர்க்காரர்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வழி தெரியாவிட்டாலும் வழி சொல்லிவிட்டுத்தான் ஆளை விடுவார்கள். ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாது என்று ஒப்புக்கொள்வார்களா? மத்தியானத்துக்குள் அந்தச் சொல் மார்க்கெட்டைத் தாண்டி வெளியே நடந்தது. ஏலத்தில் மல்லிக்கு டென்டேட்டிவ் விலை கூறினார்கள். டீக்கடையில் டென்டேட்டிவ் வடை தனித் தட்டில் வந்து, சாதா வடை விற்காமல் கிடந்தது. திருவேங்கடம் பஸ் கண்டக்டர் வண்டி டென்டேட்டிவ் என்று ஒரு குரல் கொடுக்க, பாதிப்பேர் இறங்கினார்கள், பாதிப்பேர் ஏறினார்கள், நடுவில் மாட்டிய ஒரு வெள்ளாடு மட்டும் இறங்குவதா ஏறுவதா என்று படியிலேயே நின்று யோசித்தது. ஊரே பேசுகிறது, ஒருவருக்கும் அர்த்தம் தெரியாது, எல்லோரும் என்னிடமிருந்து கற்றுக்கொண்டதாக வேறு சொல்கிறார்கள்.

இந்த நிலையில் ஞாயிற்றுக்கிழமை சிவகிரிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். எத்தனை கார் என்று கேட்காதே. முதல் கார் உங்கள் வீட்டு வாசலில் நின்றபோது கடைசிக் கார் சிவகிரியில் இன்னும் காற்றடித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைப் பையன் அருண்பாண்டியன், அவன் அப்பா, பையனின் பெரியம்மா மூவரும் நடு சோபாவில். பெரியம்மா கையில் ஒரு பெரிய பை. சம்மதம் என்று காதில் விழுந்ததும் பூ வைத்து உறுதி பண்ணிவிட்டுப் போவது அவர்கள் வழக்கமாம்.

"பிள்ளை என்ன சொல்லுதா மாப்ளே?" என்று உன் அப்பா என்னைக் கேட்டார். சபை முழுக்க என் வாயைப் பார்த்தது. நான் எழுந்தேன். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, கவர்னர் உரை வாசிக்கிற தோரணையில், டென்டேட்டிவ் யெஸ் என்று அறிவித்தேன்.

உன் அப்பா முகத்தில் பெருமை. வெறும் யெஸ் எவள்தான் சொல்லமாட்டாள், தன் மகள் முன்னால் ஒரு இங்கிலீஷையும் சேர்த்தல்லவா சொல்லியிருக்கிறாள். பையனின் அப்பா அதைவிடப் பெரிய ஆள். மீசையைத் தடவிக்கொண்டு, எங்கள் பிள்ளையும் அப்படித்தான், படிப்பில் கொஞ்சமும் இளைத்தவன் இல்லை என்று மகனைப் பார்த்தார். அருண்பாண்டியன் தரையைப் பார்த்துக்கொண்டு உன் அப்பாவிடம், "ஆமா மாமா, நானும் டென்டேட்டிவ்தான்" என்றான். அவன் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது. இந்த அறையில் அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் இவன்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பெரியம்மா பையைத் திறந்தாள். உள்ளே மல்லிகைச் சரம். பூ இருக்கிறது, வைக்கத் தலை இல்லை. தலை புனேயில் மீட்டிங்கில் இருக்கிறது. சுவரில் உன் ஃபோட்டோ தொங்குகிறதே, அதில் சூட்டிவிடலாமே என்று எவனோ ஒரு புத்திசாலி சொல்ல, உன் அம்மா கோமதித்தாய் போட்ட சத்தத்தில் ஃபேன் நின்றுவிட்டது. ஃபோட்டோவுக்குப் பூப் போடுவது யாருக்கு என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியுமே. வந்த பூவைத் திருப்பி அனுப்பினாலோ அது அதைவிடக் குற்றம். எல்லோரும் திகைத்து நிற்க, பூவில் ஊறிய இந்தக் கைதான் நீண்டது. சரத்தை வாங்கி, வாழை இலையில் சுற்றி, தண்ணீர் தெளித்து, உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

பெரியம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "இப்போ பூ வச்சாச்சா, வைக்கலையா?" என்றாள்.

அருண்பாண்டியன் மெதுவாக வாயைத் திறந்தான். "இதத்தான் டென்டேட்டிவ்னு சொல்லுதாங்க பெரியம்மா. இப்போதைக்கு வச்சாச்சு. எடுத்துக்கவும் செய்யலாம்."

மருமகளே, அந்தச் சொல்லின் அர்த்தம் அந்த நிமிஷம் வீடு முழுக்கப் பரவியதை நான் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு முகமாக விளக்குப் போட்டதுபோல் எரிந்தது, எரிந்ததும் உடனே கறுத்தது. பையனின் அப்பா மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டார். அப்படியானால் பிள்ளைகள் ரெண்டும் இன்னும் முடிவே சொல்லவில்லையா என்று கேட்டார். சொல்லியிருக்கிறார்கள், மாற்றிக்கொள்ள ஓர் இடம் விட்டுச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். உன் அப்பா இருமப் போகிறார் என்று ஜன்னலோரம் இருந்தவர்கள் விலகி நின்றார்கள். அவர் இருமவில்லை. பேசியது பெரியம்மாதான்.

"எங்க காலத்துல இப்படி ஒரு வார்த்தை இருக்குன்னு எவனும் சொல்லித் தரலையே" என்றாள். சொல்லிவிட்டு, கேசரி இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தட்டை நீட்டினாள்.

கடைசியில், நீங்கள் இரண்டுபேரும் பேசிப் பார்த்து முடிவு சொல்லும்வரை பூ ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும் என்று முடிவாகி, வந்த கார்கள் எல்லாம் திரும்பின. அந்தச் சரம் இன்றுவரை வாடவில்லை. நேற்றுப் பார்த்தபோது புதிதாக மொட்டு விட்டிருந்தது.

சங்கரநாராயணரும் கோமதியம்மையும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு, நல்லெண்ணெய் தேய்த்துக் குளி, உன் மேனேஜருக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும் மாமன்,
வே. வேல்சாமி.

பி.கு.: மேலே எழுதியதில் எதையும் நம்பாதே. சிவகிரிக்காரர்கள் வருவது வருகிற ஞாயிற்றுக்கிழமைதான். அருண்பாண்டியனை நான் ஃபோட்டோவில் பார்த்ததோடு சரி, பெரியம்மா என்று ஒருத்தி இருக்கிறாளா என்றே தெரியாது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் தோசைமாவுதான் இருக்கிறது. அர்த்தத்தை ஹஸ்னா பானு டீச்சரிடம் நேராகவே கேட்டேன், அவரும் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அதை அப்படியே உன் அப்பாவிடமும் போய்ச் சொன்னேன். இதுவும் இனி வருவதும் மட்டும் நிஜம். நேற்றுக் காலையில் உன் அப்பா கடைக்கு வந்தார். பூ வாங்கவில்லை. கேந்திப்பூக் குவியலைக் கையால் அளைந்துகொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "மாப்ளே, பிள்ளைக்குப் பிடிக்கலேன்னா நம்மகிட்ட தைரியமாச் சொல்லுவாளா? நான் கேட்டா பயந்துக்கிடுவாளோன்னு இருக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீயே அவருக்கு ஃபோன் போட்டுச் சொல்லு மக்கா. எந்தப் பதிலாக இருந்தாலும் சரி.