நட்சத்திரம் போடாத வரி

என் வீட்டுக்காரர் ஒரு சரக்குக் கிடங்கில் பட்டியல் தட்டச்சு செய்கிறவர். அவசரச் சரக்கின் பெயருக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போடுவது அங்கே வழக்கம். போன மாதம் அந்த வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

"நீ எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள பால் பொங்கிடுது. இனிமே நான் போன்ல அனுப்புறதுல நட்சத்திரத்துக்கு நடுவுல இருக்கிறதை மட்டும் படி. மத்ததெல்லாம் சும்மா."

"நான் அனுப்பினா?"

"நானும் அப்படித்தான். சட்டம்னா ரெண்டு பேருக்கும்தான்."

நான் பயந்தவள். மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடமாட்டேன். படிக்காமல் விட்ட இடத்தில்தான் ஆபத்து இருக்கும் என்று ஒரு நினைப்பு. இதை அவரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் செய்தி வந்தது.

"*கொடியில் இருக்கும் துணியை எடு.* இங்கே வெயில் பரவாயில்லை. அக்கா சனிக்கிழமை வந்து ஒரு மாதம் இருப்பாள், சரி என்று சொல்லிவிட்டேன். *தண்ணீர்த் தொட்டியை மூடு.*"

நடுவில் இருந்ததை இரண்டு தடவை படித்தேன். நாத்தனார் போன தடவை எட்டே நாள்தான் இருந்தார். அதற்குள் என் சமையலறையைத் தலைகீழாக்கிவிட்டார். அவர் எடுத்து வைத்த உப்பு ஜாடியை இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போனால், அப்போதே எழுதினேனே என்பார். அதற்குத்தான் நடுவில் ஒளித்திருக்கிறார்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதில் தட்டினேன்.

"*துணி எடுத்தாச்சு.* சனிக்கிழமை நான் அம்மா வீட்டுக்குப் போறேன், வர ஒரு மாசம் ஆகும். *தொட்டி மூடியாச்சு. நீங்க சொன்னா சரிதான்.*"

சாயங்காலம் சீட்டியடித்துக்கொண்டே வந்தார். இத்தனை வருஷத்தில் நான் இவ்வளவு அடக்கமாகப் பதில் சொன்னதே இல்லையாம். அந்த வாரம் முழுக்க வாய்க்கு வாய் என்னைப் புகழ்ந்தார். நானும் கேட்டுக்கொண்டே பெட்டியை அடுக்கினேன்.

சனிக்கிழமை காலையில், ஒரு சின்ன வேலை என்று ரயிலடிக்குக் கிளம்பினார். பின்னாலேயே நானும் கிளம்பினேன், பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு.

பத்து மணிக்குப் போன் செய்தார்.

"எங்க போயிட்ட? அக்கா வந்து உட்கார்ந்திருக்காங்க."

"திங்கட்கிழமையே எழுதினேனே."

பழைய செய்தியைத் தேடியிருப்பார்.

"இதுக்கு நீ நட்சத்திரம் போடலையே" என்றார், குரல் இறங்கி.

"நீங்களும்தான் போடலை."

பன்னிரண்டு மணிக்கு ஒரு செய்தி வந்தது. "அக்கா பசிக்குதுன்னு சொல்றாங்க. *உப்பு எங்கே?*"

நட்சத்திரம் போட்டிருந்ததால் உடனே பதில் அனுப்பினேன்.

"*உங்க அக்காவைக் கேளுங்க.*"