ஹாலில் ஒரு கருங்காலி

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, என் மகள், தங்கள் மகன் ஆகிய நால்வரும் உடம்பளவில் சௌக்கியம். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் அவ்விதமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் இக்கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையாவது இருக்க வேண்டுகிறேன். நம் பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் பிறகு நான் தங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. அது புகார்க் கடிதமாக அமைந்துவிட்டதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் வேறு விதமான கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. பூட்டுக் கம்பெனித் தொழிற்சங்கச் செயலாளராக இருந்த காலம் முழுவதும் நிர்வாகத்துக்குப் புகார் எழுதி எழுதியே கையெழுத்து அழகானவன் நான்.

தங்கள் மகன், எங்கள் மாப்பிள்ளை, தங்கமானவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல சந்தர்ப்பம் வராது. கிட்டார் செய்ய ஓர் அறை வேண்டும், எங்கள் வீட்டுப் பின்னறை சும்மா கிடக்கிறது என்று நாங்கள்தான் இருவரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டோம். அன்றிலிருந்து இந்த வீட்டில் எந்த மரச்சாமானுக்கும் நிம்மதி இல்லை. எதைக் கண்டாலும் மாப்பிள்ளை விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்கிறார். எங்கள் கட்டிலைத் தட்டிவிட்டு, "ரொம்ப மந்தமா இருக்கு" என்றார், நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காய் நறுக்கும் பலகையைத் தட்டிவிட்டு, "அத்தை, இது மணி மாதிரி பேசுதே!" என்றார், மறுநாளிலிருந்து அவள் வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டே நறுக்குகிறாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் கதவைத் தட்டியபோது, மாப்பிள்ளைதான் தட்டுகிறார் என்று நினைத்து நாங்கள் யாரும் திறக்கவே இல்லை. அவர் இப்போது எங்களோடு பேசுவதில்லை.

கிட்டாருக்கு என்று பரம்பரையாகச் சில மரங்கள் உண்டாம். உடம்புக்கு ஈட்டி மரம், கழுத்துக்கு மகோகனி, முகத்துக்குக் குளிர்நாட்டு ஊசியிலை மரம். அதையெல்லாம் மனிதர்கள் வெட்டித் தீர்த்துவிட்டார்கள், இனி மாற்று மரம்தான் வழி என்பது மாப்பிள்ளையின் கட்சி. தெருமுனையில் காற்றுக்கு விழுந்த தூங்குமூஞ்சி மரத்தைக் கேட்டு வாங்கி வந்து, காயப்போட்டு, அறுத்து, இழைத்து ஒரு கிட்டாருக்கு உடம்பு பண்ணிவிட்டார். "தூங்குமூஞ்சியில செஞ்சா தாலாட்டு மட்டும்தானே வரும், மாப்பிள்ளை?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தட்டிக் காட்டினார். சும்மா சொல்லக் கூடாது, கணீரென்று இருந்தது. ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறது அல்லவா? ஈட்டி வேலைக்கு வரவில்லை என்பதற்காக அதன் இடத்தில் தூங்குமூஞ்சியைக் கூட்டிவந்து வேலை வாங்கினால், அந்தத் தூங்குமூஞ்சிக்கு எங்கள் சங்கத்தில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நான் சொல்ல மாட்டேன். நமக்குள் ஒப்பந்தம் இருக்கிறது.

ஒப்பந்தம் எதனால் வந்தது என்று தங்களுக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை, ஆனாலும் ஞாபகப்படுத்துகிறேன். பூட்டுக் கம்பெனிக்கே நாங்கள் பூட்டுப் போட்ட அந்த வேலைநிறுத்தத்தின்போது, ஸ்டோர் கீப்பராக இருந்த தாங்கள் பின்பக்கச் சுவரேறிக் குதித்து உள்ளே போனீர்கள். கேட்டில் நின்று மைக்கைப் பிடித்துத் தங்களை அந்த வார்த்தை சொல்லி அழைத்தவன் நான். ஸ்டோரில் குட்டி போட்டிருந்த பூனைக்குப் பால் வைக்கப் போனதாகத் தாங்கள் சொன்னீர்கள். நான் நம்பவில்லை. பிற்பாடு நம் பிள்ளைகள் நம்மைக் கேட்காமலேயே ஒருவருக்கொருவர் பிடித்துப்போய்க் கல்யாணம் வரை வந்தபோது, இரண்டு வீட்டிலும் அந்த வார்த்தையை யாரும் வாயால் சொல்லக் கூடாது என்று பேசி முடித்தோம். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். எங்கள் ஹாலில், என் நாற்காலிக்கு நேர் மேலே, ஓய்வு பெற்றபோது சங்க அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த பலகை தொங்குகிறது என்பது உண்மை. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'கருங்காலிகளுக்கு இங்கே இடம் இல்லை' என்று எழுதியிருப்பதும் உண்மை. ஆனால் பலகைக்கு வாய் கிடையாது, ஆகவே அது ஒப்பந்தத்துக்குள் வராது என்பது என் வாதம். தாங்கள் மகனைப் பார்க்க வரும்போதெல்லாம் உள்ளே வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து, "இங்கேயே காத்து நல்லா வருது" என்று காபியைக் குடித்துவிட்டுப் போவது அந்தப் பலகையால்தான் என்று என் மனைவி சொல்கிறாள். போன தடவை நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டும் அதையேதான் சொன்னீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இசைப் பள்ளி நடத்தும் கிட்டார் டீச்சரம்மா ஒருவர் அந்தத் தூங்குமூஞ்சிக் கிட்டாரைப் பார்த்துவிட்டு, "உடம்பு எந்த மரமா வேணா இருக்கட்டும் தம்பி. விரல் வைக்கிற பலகைல மட்டும் என்னை ஏமாத்த முடியாது. என் விரலே கண்டுபிடிச்சிடும்" என்று சொல்லியிருக்கிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் இனிமேல் பள்ளிக்கு வேண்டிய கிட்டார் எல்லாம் மாப்பிள்ளையிடம்தான். பிடிக்காவிட்டால் மாப்பிள்ளை பழையபடி எங்கோ ஒரு கடைக்குப் போய் நாற்காலி, மேஜை விற்பார். தந்திக்கு அடியில் விரல் ஓடுகிற அந்த நீளப் பலகைக்கு மாப்பிள்ளை பார்க்காத மரமில்லை. புளியங்கட்டை வளைந்துகொண்டது. பனங்கட்டையில் நார் கிளம்பியது. மூங்கிலை ஒட்டிப் பார்த்தார், தந்தி தொண்டை கட்டியதுபோல் கர்ர் என்றது. என் மகள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்படி இருக்கையில் ஒரு நாள் நான் ஹால் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது, பின்னறையில் மாப்பிள்ளை யாருடனோ போனில் பேசுவது காதில் விழுந்தது. நான் ஒட்டுக் கேட்கிற ஆள் இல்லை. அதனால்தான் கொஞ்சம் கிட்டப் போய் நேராகவே கேட்டேன். "ஆமாங்க, கருங்காலியேதான். எங்க மாமனார் வீட்டு ஹால்லயே இருக்கு, இவ்வளவு நாளா எனக்குத்தான் தெரியல. ரொம்பப் பழசு. நல்லா காஞ்சு போச்சு, இனிமே எதுக்கும் வளையாது. சும்மாதான் கிடக்கு, யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல. அத்தைக்கு ஆட்சேபணை இல்ல, தூசி தட்டியே அலுத்துப் போச்சாம். சமயம் பார்த்து எறக்கிட்டு அறுத்துட வேண்டியதுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒப்பந்தத்தை மீறி அந்த வார்த்தை, அதுவும் என்னைப் பார்த்து! தகப்பனாருக்கு நான் மைக்கில் கொடுத்ததை மகன் போனில் திருப்பிக் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நேரே அடுக்களைக்குப் போனேன். "உனக்கு ஆட்சேபணை இல்லையாமே?" என்றேன். "எதுக்கு?" என்றாள். "என்னை எறக்குறதுக்கு." "எங்கேயிருந்து?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு வெங்காயத்தை நறுக்கினாள். இனி நியாயம் கிடைக்காது என்று தெரிந்ததும் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். வேலைநிறுத்தம். பால் வாங்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, மோட்டார் போடுவது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு என் பலகைக்குக் கீழே உட்கார்ந்தேன். கோரிக்கை என்ன என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் எந்த வேலையும் நிற்கவில்லை. எட்டிப் பார்த்தால் தங்கள் மகன், தங்கள் மகனேதான், ஒரு கையில் பாலும் மறு கையில் வாளியுமாக என் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார்! நடுவே மோட்டாரையும் போட்டிருக்கிறார்! சம்பந்தி, அந்த நேரத்தில் எனக்குக் கண்ணில் தெரிந்தது தாங்கள் ஏறிக் குதித்த அந்தச் சுவர்தான். ஒப்பந்தமாவது ஒன்றாவது, அடிவயிற்றிலிருந்து, "கருங்காலி!" என்று கத்தினேன்.

மாப்பிள்ளை வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். முகம் மலர்ந்து போயிருந்தது. "மாமா! உங்களுக்கும் தெரிஞ்சு போச்சா? உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன்!" என்று என் தலைக்கு மேலே கையைக் காட்டினார். பலகை. நான் கறுப்பு வர்ணம் என்று நினைத்திருந்தது வர்ணமே இல்லை. ஓரத்தை உளியால் லேசாகச் சீவிக் காட்டினார், உள்ளேயும் அதே கறுப்பு. அசல் கருங்காலி மரம். கிட்டாரில் விரல் ஓடும் பலகைக்கு அதைவிட உயர்ந்தது உலகத்திலேயே கிடையாதாம். அந்தக் காலத்தில் பலகையைச் செய்து கொடுத்த தச்சர், "செயலாளரே, இந்த வாசகத்துக்கு ஏத்த மரம் இதுதான்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் ஏதோ புரிந்தவன்போல் சிரித்துவைத்தேன். அவர் எதற்குச் சிரித்தார் என்பது எனக்கு இந்த வாரம்தான் தெரிந்தது.

இருந்தாலும் பலகையைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். "சரி மாமா, டீச்சரம்மாகிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன்" என்று மாப்பிள்ளை உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு பின்னறையிலிருந்து இழைப்புளிச் சத்தமே வரவில்லை. எதையும் யாரும் தட்டவும் இல்லை. வீடு என்னவோபோல் இருக்கிறது. ஆனால் அதற்காகக் கொள்கையை விட முடியுமா? ஊரெல்லாம் மாற்று மரம் என்று பேசிவிட்டு என் அடிமடியிலேயே கை வைப்பது நியாயமா என்று தங்கள் மகனுக்குத் தாங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும். முடியாதென்றால் இருவரையும் வந்து அழைத்துப் போகலாம். வந்தால் வாசற்படி வழக்கம்போல் காலியாகவே இருக்கும். அந்தப் பலகை என் தலைக்கு மேலேதான் இருக்கும். இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் நமஸ்காரம். தங்கள் வீட்டுச் சிறியவர்களுக்கு ஆசிகள். தங்கள் மூட்டுவலி தேவலையா? சுவரேறிய முட்டி, பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பில் குறையாத, கொள்கையிலும் குறையாத,
சம்பந்தி

பி.கு.: எழுத்துப்பிழை பார்ப்பதற்காக இக்கடிதத்தை என் மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "பிழை எல்லாம் இல்லீங்க. ஒரு சந்தேகம். கருங்காலிக்கு இங்க இடம் இல்லைன்னு சொல்ற பலகையே கருங்காலின்னா, மொதல்ல அதைத்தானே வெளியே அனுப்பணும்?" என்றாள். நான் எத்தனையோ நிர்வாகிகளோடு பேச்சுவார்த்தை நடத்தியிருக்கிறேன், இப்படி ஒரு வாதத்தைக் கேட்டதில்லை. சாப்பாட்டு மேஜையில் வாக்கெடுப்பு நடந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது, எதிர்த்துத் தூக்குவதற்கு என் கை மேலே வரவில்லை. நானே ஸ்டூலைப் போட்டு ஏறிப் பலகையைக் கழற்றிக் கொடுத்தேன். எழுத்தைச் சுரண்டி, இழைத்து, கிட்டாரில் ஒட்டித் தந்தி போட்டாகிவிட்டது. டீச்சரம்மா கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓடவிட்டு, திறக்காமலேயே, "இதைத்தான் கேட்டேன் தம்பி" என்றார். என் மகள் அழுதாள், நானும் கொஞ்சம்.

பலகை தேவைக்கு மேல் ஒரு சாண் நீளம். அந்தச் சாணை மாப்பிள்ளை அறுத்து என்னிடம் கொடுத்துவிட்டார். அதில் 'இல்லை' என்ற வார்த்தை மட்டும் எழுத்தோடு அப்படியே இருக்கிறது. எங்கள் வாசற்கதவு காற்றுக்குத் தானாகச் சாத்திக்கொள்ளும், தங்களுக்குத் தெரியும். அந்த 'இல்லை'யைக் கதவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இப்போது சாத்திக்கொள்வதே இல்லை. ஹால் சுவரிலும் ஒன்றும் கிடையாது. ஆகவே அடுத்த தடவை நேரே உள்ளே வந்து என் நாற்காலியில் உட்காரவும், காற்று அங்கேயும் நன்றாக வரும். பூனை விஷயத்தை அப்போது விவரமாகச் சொல்லுங்கள், கேட்கிறேன்.