மைத்துனனைக் கிளப்ப ஒரு வலைத்தளம்

மைத்துனனை வீட்டிலிருந்து கிளப்ப ஒரே வழி அவனைப் பெரிய ஆளாக்கிவிடுவதுதான் என்று வலைத்தளக்காரர் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டே தீர்மானித்தார். ஆண்கள் பெரிய தீர்மானங்களை வாயில் நுரையோடு எடுப்பது நல்லது. உடனே உளறிவிட முடியாது.

அவருடைய தொழில் இது: குழாய் ரிப்பேர், மின்சார வேலை, பெயிண்டிங், பூச்சிமருந்து என்று வீடு வீடாகப் போய் வேலை பார்ப்பவர்களுக்கு வலைத்தளம் அமைத்துக் கொடுப்பார். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் குழாய் ஒழுகி, அந்த வீட்டம்மா கைப்பேசியை எடுத்துத் தேடினால், இவருடைய ஆளின் பெயர்தான் முதலில் வந்து நிற்க வேண்டும். நின்றது. அதில் அவர் கெட்டிக்காரர் என்பதை அவர் மனைவியே ஒப்புக்கொள்வாள். வேறு எதிலும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு ஓர் அறை இருந்தது. கதவு, ஜன்னல், சுழல் நாற்காலி, தாழ்ப்பாள். எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது தாழ்ப்பாள். அப்போதுதான் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். பிளம்பர். முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு, "தொழில் ஊன்றுற வரைக்கும்தான் மாமா" என்று சொல்லி, ஒரு பெட்டி துணியும் ஒரு வண்டி குழாயும் கொண்டுவந்து அந்த அறையில் இறக்கினான். மறுநாள் வலைத்தளக்காரர் கதவைத் திறந்தபோது, அவருடைய சுழல் நாற்காலியில் ஒரு புத்தம்புதிய கழிப்பறைக் கோப்பை சௌகரியமாக அமர்ந்திருந்தது.

அவர் கணினியைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குக் குடிபெயர்ந்தார். சாப்பாட்டு வேளையில் இஸ்திரி மேசைக்கு. இஸ்திரி போடும் நாளில் துணி துவைக்கும் இயந்திரத்தின் தலைமேல். அது சுழலும்போது அவர் வடிவமைத்த பக்கங்களில் படங்கள் எல்லாம் கொஞ்சம் கோணலாகவே விழுந்தன. வாடிக்கையாளர்கள் அதைப் புதிய பாணி என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆகவேதான் அந்த நுரைத் தீர்மானம்.

"ஏம்மா, உன் தம்பிக்கு ஒரு வெப்சைட் பண்ணித் தரலாம்னு இருக்கேன்."

"யாரு, நீங்களா? சும்மாவா?"

"சொந்தக்காரனாச்சே."

"நேத்து வரைக்கும் தடியன்னு சொன்னீங்க."

"தடியன்னா சொந்தக்காரன் இல்லன்னு ஆயிடுமா?"

கடைக்காரர் கேட்காமலே தள்ளுபடி தந்தால் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போமே, அப்படி அவள் கணவனைப் பார்த்தாள்.

"அவனுக்குக் கடை கிடையாது, ஆபீஸ் கிடையாது. எந்த அட்ரஸ் போடுவீங்க?"

"நம்ம வீட்டு அட்ரஸ்தான். மேப்ல புள்ளி வைக்க ஏதாவது ஒண்ணு வேணுமே. இப்போதைக்கு இது."

"சரிங்க" என்றாள்.

மனைவி ஒற்றைச் சொல்லில் சம்மதித்தால் கணவன் கதவு ஜன்னல்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இவரோ விசில் அடித்தார்.

அடுத்த சண்டை வாசகத்தில் வந்தது. 'நீர்க்கசிவுகளுக்கு நிலையான, நவீன, நம்பகமான தீர்வு' என்று முகப்பில் போட்டிருந்தார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இதைப் படிச்சா எனக்கே கொட்டாவி வருது. சமையல்கட்டுல முட்டியளவு தண்ணியில நிக்கிறவ, நவீனமான தீர்வையா தேடுவா?"

"வேற என்னத்த போடணும்கிற?"

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தட்டினாள்: 'குழாய் ஒழுகுதா? நானே சரி பண்றேன்னு வீட்டுக்காரர் சொல்லி ரொம்ப நாளாச்சா? அவருக்குத் தெரியாம எங்களைக் கூப்பிடுங்க.'

"இது யாரைச் சொல்ற மாதிரி இருக்கு?"

"பொதுவாச் சொன்னேங்க. உங்களுக்கு எங்க குத்துச்சு?"

எங்கே குத்தியது என்று அவர் சொல்லவில்லை. மைத்துனன் வருவதற்கு முன்பு அந்த வீட்டுச் சமையலறைக் குழாய் ஒரு வருஷமாகக் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு, தொண்டை கட்டிய பாடகரைப்போல நின்றிருந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

தளம் வெளியான வாரமே தொலைபேசி கதறத் தொடங்கியது. அழைத்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். அத்தனை பேரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். "இவரு வெளிய போயிருக்காரு, இப்பவே வர முடியுமா?" என்று அவர்கள் கேட்டதை வேறு யாராவது ஒட்டுக்கேட்டிருந்தால் மைத்துனனின் பெயர் நாறியிருக்கும். அவன் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்பினான். அழைப்புகளை எடுத்து, எந்தத் தெருவுக்கு முதலில், எந்தத் தெருவுக்கு அப்புறம் என்று அவனை அனுப்பிவைத்தவள் அக்கா. அந்த வேலையை அவளிடம் யாரும் கொடுக்கவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை.

வலைத்தளக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து தம் மற்ற வாடிக்கையாளர்களிடம் தொண்டை கிழிய உபதேசம் செய்தார். இடம் மாறியதால் அழைப்பு நின்றுபோன பெயிண்டரை, "யாரைக் கேட்டுக் கடையை மாத்தினீங்க? இத்தனை நாள் சேர்த்த பேரெல்லாம் போச்சே!" என்று காய்ச்சினார். இல்லாத இடத்தில் கிளை இருப்பதாகக் காட்டிய பூச்சிமருந்துக்காரரை, "பொய் அட்ரஸ்னு தெரிஞ்சா மேப்காரன் உங்களை மேப்லேர்ந்தே தூக்கிடுவான்" என்று மிரட்டினார். அடுப்பருகே நின்றவள் கரண்டியைக்கூட ஓசைப்படாமல் வைத்தாள். கணவன் தொழில் பேசும்போது அவள் காது கொடுத்ததே இல்லை. இப்போது கேட்பது மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பிறகு, ஊரின் மறுகோடியில் ஓர் இடம் பார்த்துவிட்டு வந்தார். கீழே கடை, மேலே வீடு. முகமெல்லாம் பல்லாக, அக்காவையும் தம்பியையும் எதிரே உட்காரவைத்தார்.

"மாப்ளே, உன் தொழில் ஊன்றிடுச்சு. இனிமே நீ இந்தச் சின்ன ரூம்ல கஷ்டப்படக் கூடாது."

"எனக்கொண்ணும் கஷ்டமில்ல மாமா."

"எனக்குப் பார்க்கக் கஷ்டமா இருக்குடா."

மனைவி குறுக்கிட்டாள். "ஏங்க, அவ்வளவு தூரம் போயிட்டா, நம்ம பக்கத்துப் பொம்பளைங்க தேடும்போது இவன் பேரு வருமா?"

"வரும்... கொஞ்சம் கீழ வரும்."

"எவ்வளவு கீழ? பெயிண்டர் அளவுக்கா?"

வலைத்தளக்காரர் தண்ணீர் குடித்தார்.

"சரி, அவன் அங்க போகட்டும். அட்ரஸ் மட்டும் இங்கயே இருக்கட்டும்."

"ஐயையோ! பொய் அட்ரஸ்னு தூக்கிட மாட்டானா? பூச்சிமருந்துக்காரரு இன்னும் தூங்கலையாம், நீங்க போட்ட போடுல."

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவன் அக்கா இருக்கிறாள்.

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?" வலைத்தளக்காரரின் குரல் உடைந்தது. "எனக்கு என் ரூம் வேணும். அவ்வளவுதான். ஒரு மனுஷன் நாற்காலியில உட்கார்ந்து வேலை பார்க்கணும்னு நினைக்கிறது தப்பா?"

"இதை முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு சுத்தியிருக்க வேணாமே" என்று அவள் பரிவோடு சொன்னாள். "தம்பிக்கு நம்ம வீட்டுக்கு மேல் மாடியிலயே வாடகைக்கு ஒரு வீடு பேசிட்டேன். நாளைக்கே படுக்கையைச் சுருட்டிக்கிட்டுப் போயிடுவான்."

வலைத்தளக்காரர் எழுந்தேவிட்டார். கண்கலங்கி, மைத்துனனைக் கட்டிக்கொண்டார். அவன் பயந்துபோனான். சொன்னபடியே மறுநாள் போகவும் செய்தான். ஆள் போனான், பெட்டி போயிற்று, கோப்பையும் குழாயும் எங்கோ போயின. அவர் தம் கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு, புதுமாப்பிள்ளையின் நடையில் அறைக்குள் நுழைந்தார்.

சுழல் நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். காதில் ஒரு தொலைபேசி, கையில் ஒன்று.

"பொய் அட்ரஸ் கூடாதுன்னீங்களே" என்றாள், ஒன்றைப் பொத்திக்கொண்டு. "அதான் நிஜமாவே ஆபீஸ் வெச்சுட்டேன். இன்னும் ரெண்டு பிளம்பர் சேருறாங்க. மின்சாரக்காரரும் கேட்டிருக்காரு. கதவைச் சாத்திட்டுப் போங்க, சத்தம் கேக்குது."

தாழ்ப்பாள் உள்ளே விழுந்தது.

அவர் கூடத்தில் நின்றார். சாப்பாட்டு மேசை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போடப்பட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தார். எதிரே நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அழைப்புமணி அடித்தது. அறைக்குள்ளிருந்து, "யாருன்னு பாருங்க" என்று குரல் வந்தது. வாசலில் நனைந்த புடவையோடு ஒரு பெண் நின்றிருந்தாள்.

இது வீடு, ஆபீஸ் இல்லை, நான் யார் தெரியுமா, எத்தனை பேரை முன்னுக்குக் கொண்டுவந்தவன் தெரியுமா என்று கேட்கத்தான் வலைத்தளக்காரர் நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தார்.

"உட்காருங்கம்மா. ஒழுகுறது கிச்சன்லயா, பாத்ரூம்லயா?"