எமில் வைத்த இரண்டாவது ரிப்பீட்டர்

நேற்று மாலை பிழை சுத்தமாகப் பூஜ்யம். இன்று காலை திரையில் லட்சக்கணக்கில் பிழை. எமில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அதற்குள் எண்ணிக்கை இன்னும் கூடியிருந்தது.

தகவலை அனுப்பும் பெட்டி பக்கத்து அறையில். வாங்கும் பெட்டி இங்கே; அனுப்பியதில் எத்தனை மாறி வருகிறதோ அத்தனையும் திரையில் பிழை. சுவர்த் துளை வழியாக நீளமான செம்புக் கேபிள். இந்த வேகத்தில் அத்தனை தூரம் போனால் சிக்னல் தேய்ந்துவிடும். அதனால் வழியில் அதை வாங்கிப் பலப்படுத்தி அனுப்ப ஒரு ரிப்பீட்டர் வைத்திருந்தார். மதியம் வாடிக்கையாளர் வருகிறார். அவருக்குப் பிடிக்காவிட்டால் இந்தக் கனாட்டா கிளையையே இழுத்து மூடுவதாகத் தலைமையகம் சொல்லியாயிற்று.

மேலாளர் லோர்னா பனி ஒட்டிய பூட்ஸோடு வந்து நின்றார்.

"என்னப்பா எமில், நேத்து ஓடிச்சே?"

"சிக்னல் பலவீனமா இருக்கு. ரிப்பீட்டரோட பவரை ஏத்திவிட்டா சரியாயிடும்."

"கேபிளைப் பாத்துட்டியா?"

"லோர்னா, எனக்குத் தலை நரைச்சதே இந்த வேலையிலதான். என்கிட்டப் போய்க் கேபிளைப் பத்திக் கேக்கறீங்களே!"

ஏற்றிவிட்டார். பிழை குறையவில்லை, ரிப்பீட்டர்தான் அடுப்பாகக் காய்ந்தது. அதற்கு ஒரு ஃபேன் வைத்தார். ஃபேன் அதிர்ந்ததில் ரிப்பீட்டருக்குள் இருந்த சர்க்யூட் கார்டு ஆடியது. கார்டை டேப் போட்டு ஒட்டினார். காற்றுப் போகும் வழி அடைத்துக்கொண்டது.

"இன்னொரு ரிப்பீட்டர் வெச்சுடறேன்."

"ஒண்ணுக்கே இந்தக் கூத்து. ரெண்டா?"

வைத்தார். இப்போது இரண்டும் சேர்ந்து காய்ந்தன. பிழை மட்டும் அசையவே இல்லை. எமிலுக்கு அழுகையே வந்துவிட்டது.

கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க, இரண்டாவது ரிப்பீட்டரைச் சோதனை நிலைக்கு மாற்றினார். அந்த நிலையில் அது வருவதை வாங்கி அனுப்பாது; தனக்குத் தெரிந்த பாடத்தைத் தானே ஒப்பிக்கும். திரையில் பிழை பூஜ்யம்.

"சரி, இந்தப் பக்கம் கோளாறு இல்ல. அப்போ அந்தப்..." என்று எழுந்திருப்பதற்குள் கதவு திறந்தது. லோர்னாவும், வாடிக்கையாளர் பெக்ஃபோர்டும்.

"பூஜ்யம்!" என்று லோர்னா கத்தியேவிட்டார். "பாருங்க சார், எங்க எமில் லேசுப்பட்டவன் இல்ல!"

"லோர்னா, ஒரு நிமிஷம்..."

"அடக்கம் வேற!"

பெக்ஃபோர்ட் குனிந்து பார்த்தார். "அந்த ரூம்லேர்ந்து இங்க வரைக்கும் ஒரு பிழைகூட இல்லியா? பிரமாதம். ஆர்டரை இன்னிக்கே பேசிடலாம்."

பேசாமல் இருந்தால் எல்லோருடைய வேலையும் தப்பும். ஆனால் பெக்ஃபோர்ட் கையை நீட்டியபோது அதைப் பிடிக்க எமிலுக்கு மனம் வரவில்லை.

"சார், இது பொய். இந்த ரிப்பீட்டர் தனக்குத்தானே பேசிக்கிட்டிருக்கு. காலையிலேர்ந்து அந்த ரூம்லேர்ந்து உருப்படியா ஒண்ணுமே வரல. ஏன்னு சத்தியமா எனக்குத் தெரியல."

லோர்னா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துக் காபி டிரேயோடு உள்ளே வந்தார், விருந்தினர்களைக் கவனிக்கும் டார்லீன்.

"பக்கத்து ரூம்ல காபி மேஜை போட இடமே இல்ல. ஒரு கேபிள் குறுக்க நீட்டிக்கிட்டிருந்துது, காலையிலேயே பிடுங்கி ஜன்னல் மேல வெச்சுட்டேன். யாருக்காவது வேணுமா?"