உறைகிற ரத்தம் நம் பக்கத்து ரத்தம்தான், தம்பி

நெடுந்தூர பஸ்ஸின் ஓட்டுநரும், மலைப்பாதையில் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்புகிறவனும், ஊசி என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவனுமாகிய என் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகமாகவும் ஓரளவு புத்தியோடும் இருக்கிறோம். உன் வீட்டில் எல்லோரும் சுகம் என்று உன் மனைவி சொன்னாள். புத்தியைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. இந்த விஷயத்தைப் போனில் ஆரம்பித்தாலே "அக்கா, சிக்னல் இல்லக்கா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் எங்காவது பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு முழுசாகப் படி.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், சிரிக்கக் கூடாது. சிட்டுவுக்குக் கல்யாணமான புதிதில் கால் வீங்கி, ஸ்கேன் எடுத்து, காலுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்களே, அப்போது டாக்டரம்மா பெற்றவர்கள் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, "இது பரம்பரையா வர்றது. ஒண்ணு அம்மா பக்கம், இல்லேன்னா அப்பா..." என்று சொல்லி முடிப்பதற்குள் நான் உன் மாமாவை நோக்கிக் கையைக் காட்டிவிட்டேன். அதோடு விட்டேனா? வீட்டுக்கு வந்து, ஆறுதல் சொல்ல வந்த என் நாத்தனாரிடம், "உங்க வீட்ல யாராவது வாசலுக்கு வந்தவங்களுக்கு ஒரு வாய் டீ குடுத்ததுண்டா? கையை விட்டு எதுவுமே ஓடாத குடும்பத்துல நரம்புல மட்டும் ரத்தம் ஓடுமா?" என்று கேட்டேன். பாவம், அவள் மடியில் எங்களுக்காக வாங்கிவந்த பழப்பை இருந்தது. அது மட்டுமா, என் தையல் கடைக்கு ரவிக்கை தைக்க வந்தவர்களிடம் எல்லாம், அவர்களைக் கையைத் தூக்கச் சொல்லி அளவெடுத்துக்கொண்டே, உன் மாமா வீட்டு ரத்தத்தின் லட்சணத்தைச் சொல்லிச் சொல்லி அனுப்பினேன். கை தூக்கி நிற்கிறவர்கள் எங்கே ஓட முடியும், முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். இப்போது என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. நம் பக்கம்தான் தம்பி. உன் மாமாவின் ரத்தம் வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடுகிறதாம்.

இந்தக் கோளாறுக்குப் பெயர் புரோட்டீன் எஸ் குறைவு. பெயரைக் கேட்டதும் நம் மாப்பிள்ளை கறிக்கடையில் வேலை செய்கிறவர் இல்லையா, "புரோட்டீன் தானே அத்தை, கவலைய விடுங்க, அது என் பொறுப்பு" என்று தினமும் ஒரு பொட்டலம் கறி கொண்டுவந்து, சிட்டு தட்டைப் பார்த்தாலே எழுந்து ஓடுகிற நிலைமைக்கு ஆக்கிவிட்டார். பிறகு டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சாப்பிடுற புரோட்டீன் இல்லீங்க. ரத்தம் அளவுக்கு மேல உறையாம பாத்துக்கிற ஒரு பொருள் அது. இவங்க உடம்புல பிறப்புலயே கம்மி. ஆட்டையே முழுசா தின்னாலும் ஏறாது." பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, கர்ப்ப காலத்தில் எல்லாப் பெண்களுக்குமே ரத்தம் கொஞ்சம் சீக்கிரம் உறையும், சிட்டு மாதிரிப் பெண்களுக்கு அது ஆபத்து, காலில் கட்டுகிற ரத்தம் நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை என்று மெதுவாகச் சொன்னார். அதற்காகப் பயந்து பிள்ளையே வேண்டாம் என்று இருக்க வேண்டியதில்லை, தினமும் வயிற்றில் ஒரு ஊசி போட்டுக்கொண்டால் சுமந்து பெற்றுவிடலாம் என்றார். வீட்டுக்குத் திரும்பிச் சிட்டு படியேறும்போது, "அம்மா, எனக்கு வேணும்மா" என்று மட்டும் சொன்னாள். என் வாய் சும்மா இருக்குமா, "வேணும்னா பெத்துக்கோ, அதுக்கு ஏன் மூக்கை என் முந்தானைல துடைக்கிற" என்றேன்.

அவள் உண்டானதும் ஊசி ஆரம்பித்தது. நாள் முழுக்க ஆட்டை உரித்துத் தொங்கவிடுகிற மாப்பிள்ளை, அந்தச் சின்ன ஊசியைப் பார்த்ததும் வெளிறிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "வெட்டுறது வேற அத்தை, குத்துறது வேற" என்றார். சரி, வாழ்நாள் முழுக்க ஊசியோடு மாரடிக்கிறவள் நான்தானே, எனக்கு என்ன பயம் என்று நர்ஸிடம் கற்றுக்கொண்டு நானே இறங்கினேன். மருந்து ஊசிக்குள் அடைத்தே வருகிறது. வயிற்றுச் சதையை மடிப்புப் பிடிப்பது மாதிரி இரண்டு விரலால் பிடித்து, நேராகக் குத்தி, மெதுவாக அழுத்தி, எடுத்துவிட வேண்டும், தேய்க்கக் கூடாது. எல்லாம் சரியாகத்தான் செய்தேன். குத்தி முடித்ததும், கை பழக்கம் பார், நூலைக் கடிக்கக் குனிந்துவிட்டேன். "அம்மா! நூல் இல்லம்மா, அது என் வயிறு!" என்று சிட்டு கத்திய கத்தலில் மாப்பிள்ளை அடுத்த அறையிலிருந்து ஓடிவந்து பார்த்தால், நான் அவள் வயிற்றுக்கு மேலே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்த மனிதர் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என்னோடு தனியாக ஒரு அறையில் உட்காரவே இல்லை.

ஒரே இடத்தில் தினமும் குத்தக் கூடாது என்பதால் தையல் சாக்பீஸால் குறி போட ஆரம்பித்தேன். குத்திய இடத்துக்குக் குறுக்குக் கோடு, அடுத்த இடத்துக்கு வட்டம். ஸ்கேனுக்குப் போனபோது அழிக்க மறந்துவிட்டோம். ஸ்கேன் எடுக்கிற அம்மாள் சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு, "இது என்னங்க, கழுத்து வெட்டுறதுக்கா, கை வெட்டுறதுக்கா?" என்று கேட்டார். நானும் விடவில்லை, "உள்ள இருக்கிறவங்க அளவு சொன்னீங்கன்னா அதுக்கும் சேர்த்து வெட்டிருவேன்" என்றேன். அந்த அறையில் சிரித்தோம். வெளியே வந்து நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்ததும் சிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இனி சொல்லப்போவதைப் படித்துவிட்டு உன் டிப்போவில் யாருக்கும் சொல்லாதே. இரண்டு கெண்டைக்காலில் ஒன்று மட்டும் பெருத்தால் உடனே ஓடிவாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அளவெடுக்கிற வேலையை என்னிடம் சொன்னால் போதாதா! காலையில் எழுந்ததும் டேப்போடு நிற்பேன். சிட்டு காலை அளந்து முடித்து, கை அரிப்பு நிற்காமல் மாப்பிள்ளை காலை அளந்து, பால்காரர் காலையும் அளந்தேன். அப்படி ஒருநாள், வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகு, இடது காலை அளந்தேன், சரி. வலது காலை அளக்கும்போது வாசலில் யாரோ துணி வாங்க வந்து குரல் கொடுத்தார்கள், அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே அளந்து டேப்பைப் பார்த்தால் ஒரு இஞ்சுக்கு மேல் கூடுதல். எனக்கு உலகமே நின்றுவிட்டது தம்பி. துணி வாங்க வந்த அம்மாளைத் தைக்காத துணியோடு வெளியே தள்ளி, கடையைப் பூட்டாமல், ஒரு காலில் என் செருப்பும் ஒரு காலில் சிட்டுவின் செருப்புமாக ஆட்டோவில் ஏறி, "அம்மா எனக்கு வலியே இல்லம்மா" என்றவளை "வலிக்குது, உனக்குத் தெரியல" என்று அடக்கி, ஆஸ்பத்திரியில் போய் விழுந்தேன். உன் மாமா வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்து சுவரோரம் நின்றார். கையில் இருந்த பஸ் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி நூலாக்கிவிட்டார். அவரைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. காலில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கட்டு இல்லை. இன்னொரு முறை பார்த்தார்கள். இல்லவே இல்லை. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "எப்படி அளந்தீங்க, எனக்குக் காட்டுங்க" என்றார். நான் டேப்பை எடுத்துச் சிட்டுவின் காலில் சுற்றிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "டேப்புக்குள்ள இருக்கிற ரெண்டு விரல் யாருது?" என்றார்.

என்னுடையதுதான். உடம்புக்கு இறுக்கமாக இருக்கக் கூடாது என்று இரண்டு விரல் இடம் விட்டு அளப்பது தையல்காரர் பழக்கம். பேச்சு வேறு பக்கம் போனால் கை தானாக அதைச் செய்துவிடும். இடது காலுக்கு இறுக்கி அளந்திருக்கிறேன், வலது காலுக்குக் கொஞ்சம் லூஸ் விட்டிருக்கிறேன். டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, ஆனாலும் சந்தேகம் வந்தால் இப்படித்தான் ஓடிவர வேண்டும், விரலோடு வந்தாலும் பரவாயில்லை என்றார். உன் மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வீட்டுக்கு வந்து அவர் சட்டைக்கு அளவெடுக்கச் சொல்லி நின்று, "விரலை எடு" என்று மட்டும் சொன்னார்.

பிரசவத்துக்கு நாள் குறித்து, அப்போது ரத்தம் நிற்காமல் போய்விடக் கூடாது என்று அதற்கு முன்பே ஊசியை நிறுத்தச் சொன்னார்கள். இத்தனை மாதம் உறையாதே உறையாதே என்று கெஞ்சிய ரத்தத்தை, அன்றைக்கு மட்டும் கொஞ்சம் உறை தாயே என்று கெஞ்ச வேண்டியிருந்தது. ஊசி போடாத அந்தக் காலை என் கை வேலை இல்லாமல் தவித்துப்போய்த் தலையணை உறையில் இருந்த கிழிசலை எல்லாம் தைத்தது. உள்ளே கூட்டிப்போனார்கள். நாங்கள் மூன்று பேரும் வெளியே ஒரே பெஞ்சில். மாப்பிள்ளை அழுதார், உன் மாமா அவருக்குத் தண்ணீர் வாங்கிவந்து தானே குடித்துவிட்டார், நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக எதுவும் பேசாமல் இருந்தேன். நர்ஸ் கதவைத் திறந்து, "பொண்ணு. அம்மாவும் நல்லா இருக்காங்க" என்றாள். எனக்கு அந்த இரண்டாவது வாக்கியம்தான் காதில் விழுந்தது. முதல் வாக்கியத்தை மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிள்ளை நல்ல எடை, கத்தல் அப்படியே உன் ஹாரன். இன்னும் சில வாரம் சிட்டுவுக்கு ஊசி உண்டு, இறுக்கமான காலுறை உண்டு, நடை உண்டு. பிள்ளைக்கும் இது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், வளரட்டும் பார்க்கலாம் என்றார்கள். தெரிந்து இருந்தால் சமாளிக்கலாம் தம்பி, நாங்கள் சமாளித்துவிட்டோம்.

சிட்டு வார்டில் இருக்கும்போதுதான் என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. உன் மாமா கத்தவில்லை, ஆடவில்லை. டீ வாங்கிவந்து என் கையில் கொடுத்து, "நல்லா சூடா குடி. உங்க குடும்ப ரத்தம், கொஞ்சம் இளகட்டும்" என்றார். நாத்தனார் மறுநாள் பெரிய பிளாஸ்க் நிறைய டீயோடு வந்து, வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, எனக்குக் கடைசியாகக் கொடுத்தாள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். போன வருஷம் நீண்ட ஓட்டம் முடித்து வந்தபோது உன் இடது கால் வீங்கியிருந்ததே, செருப்பு கடித்தது என்று சொன்னாயே, எந்தச் செருப்பு கெண்டைக்காலில் போய்க் கடிக்கிறது? நாள் முழுக்க காலை மடக்கி உட்கார்ந்திருக்கிற வேலை உனக்கு. உனக்கும் இது இருந்தால் உன் மகளுக்கும் இருக்கலாம், நாளைக்கு அவளும் பிள்ளை சுமக்க வேண்டியவள். சிட்டுவுக்குக் கால் வீங்கித்தான் தெரிந்தது. உன் மகளுக்கு அப்படித் தெரிய வேண்டாம். உன் பஸ் இந்தப் பக்கம் வரும் நாளில் இறங்கு, எங்கள் தெரு முனை லேபில் சொல்லி வைத்திருக்கிறேன். கையில் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள், அவ்வளவுதான். எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும். நான் ஊசி உள்ளே போவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே, லேப்காரரோடு பேசிக்கொண்டே கொடுத்தேன். உன் அக்கா கொடுத்த ரத்தம், உனக்குக் கொடுக்க என்ன கேடு?

பஸ்ஸும் நீயும் பள்ளம் பார்த்து ஓடுங்கள். உன் மனைவிக்கு என் அன்பு, உன் மகளுக்கு முத்தம், உன் இடது காலுக்கு என் விசாரிப்பு. வரும்போது கையை வீசிக்கொண்டு வா, பிள்ளைக்கு எல்லாம் வாங்கியாயிற்று, அவளுக்கு ஒரு தாத்தா முறை மட்டும் குறைகிறது.

உன் அக்கா.

பின்குறிப்பு: முடிவை உறுதிப்படுத்த என்னிடம் இன்னொரு தடவை ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள். இன்று போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். போன தடவை கண்ணை மூடிக்கொண்டு உன் மாமாவின் கையைக் கடித்துக்கொண்டிருந்தேன், இன்று அவர் வரவில்லை. ஊசியைப் பார்த்தேன். விழித்தபோது தரையில் இருந்தேன். லேப்காரர் எனக்கு அடியில் இருந்தார். அவருக்கு அடி ஒன்றும் இல்லை. கண்ணாடி உடைந்துவிட்டது. புதுக் கண்ணாடி வரும்வரை அவருக்குத் தூரத்தில் இருப்பது தெரியாதாம், கிட்டே இருப்பதும் அவ்வளவாகத் தெரியாதாம். நரம்பைத் தடவிப் பார்த்துத்தான் குத்துகிறார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அவர் கண்ணுக்குத் தெரியாது, இந்த வாரமே வா.